பதினெட்டாம் நம்பர் பை

கம்பெனிக்கு வாழ்த்து எழுத நேரம் இருந்த மனுஷனுக்கு, கட்டின பெண்டாட்டியின் போனை எடுக்க மட்டும் ஏன் நேரமில்லாமல் போயிற்று?

வழக்கு இவ்வளவுதான். கொலை கிடையாது, வைர அட்டிகை கிடையாது, முகமூடி ஆசாமி யாரும் கிடையாது. ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும் ஓர் ஒற்றை அறையில் துப்பறியும் கார்குழலி பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஓடிப்போன மாப்பிள்ளை, திருட்டுப் போன டூவீலர், போலிச் சான்றிதழ் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. இப்படி ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு யாரும் அந்தப் படி ஏறி வந்ததில்லை.

வந்தவள் பூவம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைக்கிற வேலை. அவள் கணவர் லட்சுமணன், எண்ணூர் போகிற வழியில் இருக்கும் நெய்தல் கன்டெய்னர் யார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்து, மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கேயே இறந்துபோனவர். இரண்டு வரிசைக் கன்டெய்னர்களுக்கு நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கே இடமுள்ள சந்தில் கிடந்தார். அடுத்த ஷிப்டுக்காரர்கள் ராத்திரி ஏழு மணிக்குப் பார்த்தார்கள்.

"அரை நாள் லீவு சொல்லிட்டு ரெண்டு மணிக்கே வெளிய போய்ட்டாராம். அப்பால பின்பக்கமா பூந்து வந்து, மேல ஏறி வியுந்துட்டாராம். கம்பெனில இப்டித்தான் சொல்லிக்கினு கீறாங்க. குடிச்சிருப்பான்னு கூட ஒருத்தன் வாய் கூசாம சொன்னான். எங்க வூட்டுக்காரு சோடா கூட குடிக்கமாட்டாரு மேடம். நாலு பேர் முன்னால ஏப்பம் வந்துடும்னு கூச்சப்படுவாரு."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜுபைருக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் நின்றும் போனது. ஜுபைர் கார்குழலியின் உதவியாள். தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டி, பேச்சு சுவாரஸ்யத்தில் இறங்க வேண்டியவர்களை இறக்காமலே கொண்டுபோய் பாரிமுனையில் விட்டு, அந்தத் தொழிலைக் கெடுத்துக்கொண்டவன். நாற்பது வயதாகியும் நாக்கு அடங்கவில்லை.

"கேஸெல்லாம் யூனியன்காரங்க பாத்துக்கினு கீறாங்க," என்றாள் பூவம்மா. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்." லட்சுமணனின் போனை மேஜைமேல் வைத்தாள்.

அவர் இறந்த அன்று காலை வீட்டில் சண்டை. காரணமும் கம்பெனிதான். 'நாமே முகம்' என்று ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். முதலாளி நிலவன் முதல் லோடு இறக்குகிறவர் வரை எல்லோரும் கம்பெனியின் முகநூல் பக்கத்தில் பேச வேண்டும், வாழ்த்த வேண்டும், படம் போட வேண்டும். அந்த வாரம் வீட்டுக்காரிகளின் முறை. 'என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனி' என்று முப்பது விநாடி பேசி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"உன் கம்பெனிக்கு நான் இன்னாத்துக்கு பல்லக் காட்டணும்னு கேட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் கூடவே பேசிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. நாஸ்டா துன்னாம போய்ட்டாரு. மனசு கேக்கல மேடம். வேலை நேரத்துல எப்பவும் அடிக்கமாட்டேன், அன்னிக்கி நாலு மணி டீ டைம்ல அடிச்சேன். கட் பண்ணாரு. திரும்ப அடிச்சேன். திரும்ப கட்டு. ஆறு வாட்டி. சரி, வேலைல கீறாரு போலன்னு பாத்தா..."

போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'விபத்தில்லா நூறாவது நாள்' என்று முதலாளி போட்ட பதிவு. அதன் கீழே, சரியாக நாலு பத்துக்கு, லட்சுமணனின் பெயரில் ஒரு வரி: 'பெருமையாக இருக்கு சார்.'

"இத எயுத தெரிஞ்சுது. என்கிட்ட ஒரு வார்த்த பேச முடியல. அவ்ளோ கோவமா அவருக்கு எம்மேல? அந்தக் கோவத்தோடயே போய்ட்டாரா?" பூவம்மா அழவில்லை. மூன்று வாரமாக அழுது தீர்ந்துபோன முகம் அது. உலகத்தில் எவ்வளவோ சண்டை நடக்கிறது, சாயங்காலம் சரியாகிவிடுகிறது. இவளுக்குச் சாயங்காலமே வராமல் போய்விட்டது.

அவள் போனபிறகு ஜுபைர் அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மேடம், மூணே மூணு வசனம். பெருமையாக இருக்கு சார், வாழ்த்துகள் சார், நம்ம யார்டு நம்ம பெருமை. இருபத்தாறு பேரும் இதையே மாத்தி மாத்தி சொல்றானுங்க. கட்சி மீட்டிங்ல கூட இதவிட வெரைட்டியா கத்துவாங்க."

"பேரைப் படி."

"எதுக்கு?"

"படியேன்."

"தனசேகர், பாபு, மஜீது..." என்று ஆரம்பித்து, "வேலு, அம்புரோஸ், லட்சுமணன், கலீலுல்லா..." என்று போய் இருபத்தாறையும் முடித்தான்.

"இப்போ அதுக்கு முந்தின நாள் பதிவுக்குப் போ."

படிக்கப் படிக்க ஜுபைரின் குரல் மெதுவானது. தனசேகர், பாபு, மஜீது. வேலு, அம்புரோஸ், லட்சுமணன், கலீலுல்லா. அதற்கு முந்தின நாளும் அதே. போன மாதமும் அதே. அகர வரிசையும் இல்லை, வயசு வரிசையும் இல்லை. ஆனாலும் ஒருவரும் ஒருவரை முந்தவில்லை.

"ரேஷன் கடைல கூட நடுவுல ஒருத்தன் பூந்துடுவான் மேடம். இவனுங்க இன்னா, ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் கை வச்சிக்கினு எயுதுறானுங்களா?"

"ரெண்டு மணிக்கே வெளிய போன ஆளு, நாலு பத்துக்கு எங்கேயோ தனியா உக்காந்துகிட்டு, அம்புரோஸுக்கு அப்புறமும் கலீலுல்லாவுக்கு முன்னாடியும் கரெக்டா தன் இடத்துல வந்து நிப்பாரா?"

ஜுபைர் விசில் அடித்தான். "அப்போ அவரு போகல! யார்டுலதான், மத்தவங்களோடதான் இருந்தாரு. லீவுன்றது டுபாக்கூரு. மேடம், கேஸு முடிஞ்சிது!"

கார்குழலி எழுந்து போய் ஜன்னலருகில் நின்றாள். முடிந்ததுதான். யூனியன்காரர்களுக்கு முடிந்தது. ஆனால் பூவம்மா கேட்டது அதுவா? லட்சுமணன் நாலு பத்துக்கு யார்டில், கையில் போனோடு நின்றிருந்தார் என்றால், ஆறு தடவை கட் செய்ததும் அவரேதான். இதை எந்த வாயால் போய்ச் சொல்வது? துப்பு கிடைத்து வருத்தப்பட்ட துப்பறிவாளர் அன்றைக்கு ராயபுரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"கிளம்பு," என்றாள். "அந்த வரிசை எப்படி நிக்குதுன்னு கண்ணால பாத்துடலாம்."

மறுநாள் மூன்றே முக்காலுக்கு, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில், லாரிகள் விட்ட தூசி முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு இருவரும் நெய்தல் யார்டு வாசலில் இறங்கினார்கள். உள்ளே விட அடையாள அட்டை, அனுமதிக் கடிதம், ஹெல்மெட் என்று ஆயிரம் கேட்பார்கள் என்று கார்குழலி ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஜுபைருக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை. செல்ஃபி குச்சியை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்து, "கம்பெனி பேஜுக்கு வீடியோ!" என்றான். காவலாளி சல்யூட் அடித்து வழிவிட்டார்.

"பாத்தியா மேடம்? இந்தக் குச்சி இருந்தா ரிசர்வ் பேங்க்குல கூட உள்ள விடுவான்."

உள்ளே முதல் அறை, கேட் ஆபீஸ். அங்கே ரெஜினா இருந்தாள். காசிமேட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். மேஜையில் ஒரு பெரிய நோட்டு, அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு துணி. அந்தத் துணியில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன்.

"உள்ள போன் கூடாது சார். கிரேன் ஓடுற இடம். ரூல்ஸு. வேலைக்கு வரவங்க காலைல இங்க வச்சிட்டு, வூட்டுக்குப் போறப்பதான் எடுப்பாங்க. நீங்களும் குடுத்துடுங்க."

ஜுபைர் போனைக் கொடுத்துவிட்டு, கையில் வெறுங்குச்சியோடு நின்றான். அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான். அவனும் பார்த்துவிட்டான். பைகளின்மேல் எண், எண்ணுக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் பெயர். ஒன்று தனசேகர். இரண்டு பாபு. மூன்று மஜீது. பதினேழு அம்புரோஸ். பத்தொன்பது கலீலுல்லா. நடுவில் பதினெட்டாம் பையில் பெயர்ச்சீட்டைக் கிழித்திருந்தார்கள். பை காலி.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. யார்டுக்குள்ளிருந்து ஆட்கள் வந்து, கேட் ஆபீஸுக்குப் பின்புறம் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர்கூடப் போனைக் கேட்டு வரவில்லை. கார்குழலி கதவோரமாக ஒதுங்கி நின்று பார்த்தாள்.

ரெஜினா திரும்பி முதல் பையிலிருந்து போனை எடுத்தாள். விரல் நாலைந்து தரம் அசைந்தது. வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. பழகின கை, கண்ணை மூடிக்கொண்டே செய்யும் போலிருந்தது. பதினேழை வைத்துவிட்டு அந்தக் கை தானாகப் பதினெட்டாம் பைக்குள் போனது. காலிப் பைக்குள் அப்படியே நின்றது. பிறகு வெளியே வந்து பத்தொன்பதுக்குப் போனது.

"ரெஜினா," என்றாள் கார்குழலி. "நான் வீடியோ எடுக்க வரல. லட்சுமணன் சம்சாரம் அனுப்பி வந்திருக்கேன்."

கையிலிருந்த கலீலுல்லாவின் போன் மேஜையில் விழுந்தது. ரெஜினா அதை எடுக்கவுமில்லை, ஓடவுமில்லை. மூன்று வாரமாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

"கால் மணி நேரம்தான் மேடம் டீக்கு. அந்த நேரத்துல இங்க வந்து வரிசைல நின்னு, போன வாங்கி, கம்பெனி பேஜுல எதுனா எயுதணும்னு ஆர்டரு. எயுதாத ஆளு பேரு போர்டுல செவப்புல வரும். பாதி பேருக்கு டைப் அடிக்கவே வராது. வரிசைல நின்னே டைம் போயிடும், டீய நின்னுக்கினே ஊத்திக்கினு ஓடுவாங்க. பாவமா இருந்துச்சு. நீங்க போய் உக்காந்து குடிங்கண்ணா, நான் போட்டுடறேன்னு சொன்னேன். எல்லாரும் போன தொறக்கற பேட்டர்ன சொல்லிட்டாங்க. மேல யாருக்கும் தெரியாது. ஆபீசருங்க, அவங்களே எயுதறாங்கன்னு நெனைச்சிக்கினு கீறாங்க."

"அன்னிக்கி லட்சுமணன் போன்ல எழுதினது?"

"நான்தான் மேடம்."

"ரெண்டு மணிக்கு அவர் போனை எடுத்துக்கிட்டுப் போகலையா?"

"எங்க போனாரு? பைலயே இருந்துச்சு. ஏழு மணிக்கு அப்பால சூப்பர்வைசர் வல்லரசு சார்தான் வந்து, வூட்ல குடுக்கணும்னு எடுத்துக்கினு போனாரு."

கார்குழலிக்கு ஒரு கணம் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. கட் செய்தது அவர் இல்லை. கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மனுஷன் கையில் போனே இல்லை. இதை ஓடிப்போய்ப் பூவம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் ரெஜினா இன்னும் முடிக்கவில்லை.

"அந்தக்கா அடிச்சிக்கினே இருந்தாங்க மேடம். 'பூவு'ன்னு பேரு வந்துச்சு. நான் கட் பண்ணிக்கினே இருந்தேன். போன் ரிங்கு வெளிய கேட்டா எனக்குத் திட்டு வியும்."

"ஒரு தடவை எடுத்துப் பேசியிருக்கலாமே?"

"ஒரு வாட்டி அம்புரோஸ் அண்ணன் போன எடுத்துட்டேன். அவரு சம்சாரம், எவடி நீன்னு ஆரம்பிச்சு, மறுநாள் கேட்டுக்கே வந்துட்டாங்க. அவங்க வூட்ல ரெண்டு நாள் அடுப்பு எரியல. ஆம்பளைங்க போன்ல பொம்பள கொரல் கேட்டா எந்தப் பொண்டாட்டிதான் சும்மா இருப்பா? அன்னிலேந்து யாரு போனும் எடுக்கறதில்ல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா ஆறாவது வாட்டி அடிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. எதுனா அவசரம் போல, இன்னொரு வாட்டி அடிச்சா எடுத்துடலாம், திட்டினா திட்டட்டும்னு போன கைலயே வச்சிக்கினு இருந்தேன். அடிக்கல மேடம்."

கார்குழலி மேஜையில் கிடந்த கலீலுல்லாவின் போனை எடுத்து அதன் பையில் வைத்தாள்.

"லட்சுமணன் டீ குடிக்க வரலைன்னு உனக்குத் தெரியலையா?"

"கொட்டகை பின்னால கீது. நான் உக்கார்ற எடத்துலேந்து தெரியாது."

அந்த நேரத்தில் வல்லரசு உள்ளே வந்தார். யார்டு சூப்பர்வைசர். ஐம்பது வயது, காதோரம் நரை, சட்டைப் பையில் 'நாமே முகம்: முதலிடம்' என்று ஒரு பேட்ஜ். தனக்குக் கீழே உள்ளவர்களின் ஒவ்வொரு வரிக்கும் அரை மணி நேரத்துக்குள் பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டும் என்பது அதிகாரிகளுக்கான சட்டம். அதில் மாதாமாதம் ஜெயிக்கிறவர் அவர்.

கார்குழலி சுற்றி வளைக்கவில்லை. யார் என்று சொன்னாள், வரிசையைச் சொன்னாள், பைகளைக் காட்டினாள். "ரெண்டு மணிக்கு லீவு எழுதினது யாரு சார்?"

வல்லரசு மறுப்பார், கத்துவார், காவலாளியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் ஜுபைர் குச்சியை இறுக்கிப் பிடித்திருந்தான். அவரோ பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா எயுதின?" என்று ரெஜினாவைக் கேட்டார். "எல்லாருக்கும் நீயா?"

அவள் தலையாட்டினாள்.

"நாலே காலுக்கு அம்புரோஸ் வந்து சொன்னான். மூணரைலேந்து லட்சுமணன காணோம், டீக்கும் வரலன்னு. டார்ச்ச எடுத்துக்கினு, நாலு ஆள கூட்டிக்கினு கிளம்பிட்டேன் மேடம். மெய்யாலுமே கிளம்பிட்டேன். அதுக்குள்ள ஆபீஸ்ல போன் டிங்குன்னுச்சு. பதில் எயுத லேட்டாவுதுன்னு ஞாபகப்படுத்துவாங்க. தொறந்து பாத்தேன். லட்சுமணன் எயுதியிருந்தான். நாலு பத்துக்கு. பெருமையாக இருக்கு சார்னு." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "பாவி, இவன் கேட்ல போன வாங்கி கமென்ட் போட்டுக்கினு கீறான், சொல்லாம கொள்ளாம வூட்டுக்குப் போய்ட்டான், நாம பேஜாரா தேடறோமேன்னு நெனைச்சேன். ஆளுங்கள திரும்ப அனுப்பிட்டேன். கோவத்துல ரெண்டு மணிலேந்தே அரை நாள் லீவு போட்டேன். நாலு இருபத்திநாலுக்கு அவனுக்குப் பதிலும் எயுதினேன்."

என்ன எழுதினார் என்பது கார்குழலிக்குத் தெரியும். முந்தின நாளே படித்திருந்தாள். 'நன்றி லட்சுமணன். உங்களைப் போன்றவர்களால்தான் நமக்கு இந்தப் பெருமை.'

"ராத்திரி அவன பாத்ததும் அந்த லீவ அடிச்சிட்டு மாத்தி எயுதிடறேன்னுதான் சொன்னேன். மேல, இருக்கறது இருக்கட்டும்னுட்டாங்க. எனக்கும் வாய் வரல. தப்புதான்."

"டாக்டர் ரிப்போர்ட் வந்தா..." என்று ஜுபைர் ஆரம்பித்தான். கார்குழலி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்தினான். ஆனால் ரெஜினாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறு மணி வாக்கில்தான் உயிர் போயிருக்கிறது என்று யார்டு முழுக்கப் பேசிக்கொண்ட விஷயம்.

"மூணரைக்கு வியுந்திருக்காரு," என்றாள் அவள், விரலை மடக்கி. "நாலே காலுக்கு தேடக் கிளம்பினாங்க. ஆறு மணி வரைக்கும்..." எழுந்து நின்றாள். "நான் எயுதலன்னா தேடியிருப்பீங்க இல்ல சார்? தேடியிருந்தா கெடச்சிருப்பாரு இல்ல?"

எல்லோருக்கும் பெயர் சொல்லிப் பதில் எழுதியே முதலிடம் வாங்கின மனுஷர், எதிரே நின்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு ரெஜினாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, லட்சுமணன் அன்று முழு நேரமும் வேலையில் இருந்தார், லீவைப் பின்னால் எழுதியது தானே என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதுதான் கார்குழலியால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு திருடனாவது கிடைத்திருந்தால் கையைப் பிடித்து முறுக்கியிருக்கலாம். கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடிக்கட்டும் என்று ஒருத்தி நினைத்தாள். அதைப் போய் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எழுதுவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வியாசர்பாடியில் போர்டு வீட்டின் மூன்றாவது மாடி. கீழே மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிற சத்தம் அறைக்குள் கேட்டது. தானும் வந்தே தீருவேன் என்று ரெஜினாவும் வந்திருந்தாள். கார்குழலி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை.

பூவம்மாவிடம் கார்குழலி முதலில் நல்லதைச் சொன்னாள். வேலையில்தான் இருந்தார், வல்லரசே எழுதிக் கொடுத்துவிட்டார், இனி யாரும் அவரைப் பற்றி வாய் திறக்க முடியாது.

"போனு?" என்றாள் பூவம்மா.

"அவர் கையில போனே இல்லை. கட் பண்ணது அவர் இல்லை. அந்த வரியும் அவர் எழுதலை."

பூவம்மாவின் முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள்போல் ஒரு நிமிஷம் அழகாகிவிட்டாள். "அவரு கட் பண்ணல," என்றாள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து. "எம்மேல கோவம் இல்ல. நான்தான் லூசு மாதிரி..." சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். கார்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கேள்வி வந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

வந்தது.

"அப்போ நான் அடிச்சப்ப அவரு எங்க இருந்தாரு?"

"உள்ளே. விழுந்துட்டார்."

"உசுரோடயா?"

கார்குழலி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ரிப்போர்ட் நாளைக்கு யூனியன் கைக்கு வரும், யாராவது படித்துக் காட்டுவார்கள். "ஆமாக்கா," என்றாள்.

ரெஜினா முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். "நான்தான்க்கா கட் பண்ணேன். நான்தான் எயுதினேன். அத பாத்துட்டு, அவரு வெளிய போய்ட்டாருன்னு தேடாம விட்டுட்டாங்க."

பூவம்மா அவள் பக்கம் திரும்பினாள். கையை ஓங்குவாளோ என்று ஜுபைர் ஓரடி முன்னால் வைத்தான். அவளோ மெல்லிய குரலில், ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவள்போல் கேட்டாள்.

"ஆறு வாட்டி அடிச்சேன். அப்பால எனக்கு ரோசம் வந்துடுச்சி. போய்யா நீயும் உன் கோவமும்னு போன பைல போட்டுட்டேன். அத்த நெனைச்சாதான்... நீ சொல்லு. நான் ஏழாவது வாட்டி அடிச்சிருந்தா நீ எடுத்திருப்பியா?"

ரெஜினா தலையைத் திருப்பிக் கார்குழலியைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு பூவம்மாவைப் பார்த்து, "இல்லக்கா," என்றாள். "எடுத்திருக்க மாட்டேன். நீ நூறு வாட்டி அடிச்சிருந்தாலும் கட் பண்ணிக்கினேதான் இருந்திருப்பேன்."

"மனுஷியாடி நீ?" என்றாள் பூவம்மா. "எயுந்து போ. என் கண்ணு முன்னால நிக்காத."

ரெஜினா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். பூவம்மா ஓங்கி அழத் தொடங்கினாள், மூன்று வாரத்தில் தீர்ந்துபோனது என்று கார்குழலி நினைத்திருந்த அழுகை. திட்டிக்கொண்டே அழுதாள். திட்டியதெல்லாம் ரெஜினாவைத்தான், தன்னை ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

"மேடம், அந்தப் பொண்ணு நேத்து நம்மகிட்ட..." என்று ஜுபைர் காதோரம் சொல்ல வந்தான். கார்குழலி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று மாலை ராயபுரம் அறையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். பைகளின் வரிசை, வல்லரசின் கையெழுத்து, கட் செய்யப்பட்ட ஆறு அழைப்புகள், எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினாள். ஏழாவதற்காக ரெஜினா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்ததை மட்டும் எழுதவில்லை.